பெட்டியை விட்டுப் போன திருடன்

அத்தியாயம் மூன்று

அழகன் பேக்கரியின் பின்கதவில் ஒற்றைக் காலில் நின்றபடி கணேசமூர்த்தி சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சதசதவென்று ஈரம். வந்த கோபத்தில் மற்றக் காலும் வழுக்கியது.

ஹட்டனில் மழை பிடித்துவிட்டால் கடைத்தெருவில் எவன் வீட்டிலும் ஒரு துணி காயாது. பள்ளிக்கூடச் சப்பாத்து, காலுறை, குடை, கம்பளிச் சட்டை எல்லாமே அழகன் பாண் சுடுகிற போறணை அடுப்பின் மேல்தான் காய வேண்டும். விறகு எரிகிற போறணை. மேலே செங்கல் தட்டு இரவும் பகலும் கதகதவென்று இருக்கும். கேட்டு வைப்பதும் இல்லை, கேட்டு எடுப்பதும் இல்லை. தெருவுக்கே பொதுச் சொத்து அது.

"என்னப்பா அழகன், வச்ச சப்பாத்து வச்சதவிட ஈரமா இருக்கு? நெருப்புக்கு லீவு குடுத்துட்டியா?"

"எல்லாத்தையும் கீழ எறக்கிட்டேண்ணே. இனிமே சப்பாத்து, செருப்பு ஒண்ணும் மேல வைக்க வேணாம்," என்றான் அழகன் மாவுக் கையோடு. "புதன்கிழமை எவனோ ரப்பர் செருப்ப வச்சு, அது உருகி, அந்த நாத்தம் பாண்ல ஏறிப்போச்சு. ஒரு போறணை பாணையும் பன்னிக்குப் போட்டேன்."

"எவன் செருப்பு?"

"கண்டேனா? நான் ஏணியப் போட்டு ஏறுறதுக்குள்ள எடுத்துட்டு ஓடிட்டான்."

வெளியே ஆட்டோவின் ஹோர்ன் இரண்டு தடவை அலறியது. அது கணேசமூர்த்தியின் சொந்த ஆட்டோ. அதை அடித்தது, இவ்வளவையும் கேட்டபடி பின்சீட்டிலிருந்து எட்டிக் கையை நீட்டிய நிலக்ஷி.

"சப்பாத்த அப்புறம் விசாரிப்போம்ணே. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் மஃறூப் முதலாளி பொலிசுக்குப் போறாரு. அதுக்குள்ள வட்டவளைக்குப் போய்த் திரும்பி வரணும்."

நிலக்ஷி முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்தவள். எரிந்த கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்ததா என்று மோப்பம் பிடித்துச் சொல்வது வேலை. இப்போது பாமசிக்கு மேலே ஒற்றை அறை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். அவளுக்கு மூளை. கணேசமூர்த்திக்கு ஆட்டோவும் வாயும். இரண்டும் சேர்ந்து ஓடுகிற வண்டி அது.

ஆனால் இன்றைக்கு அவர் வாய்க்குள் ஒரு முள் இருந்தது. குற்றம் சுமத்தப்பட்டிருந்த தர்ஷனை மஃறூபின் கம்ப்யூட்டர் கடையில் கையைப் பிடித்துச் சேர்த்துவிட்டவரே அவர்தான். "தங்கமான பையன் முதலாளி, நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். அந்தத் தங்கம் இப்போது உரைகல்லில் கிடந்தது.

விஷயம் இதுதான். தலவாக்கலைக்காரர் ஒருவருக்காக மஃறூப் கொழும்பிலிருந்து ஒரு கிராபிக்ஸ் கார்டை வரவழைத்திருந்தார். கம்ப்யூட்டரில் படம் துல்லியமாகத் தெரிவதற்குப் போடுகிற அட்டை. பழையதுதான், ஆனாலும் யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிற சாதி. செவ்வாயன்று கடைக்கு வந்த கார்ட், வியாழன் மதியம் தேடியபோது இல்லை. அதே வியாழன் காலையில்தான் தர்ஷன் வட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான்: 'என் கிழவன் எழுந்துட்டான்.' கிழவன் என்றால் அவனுடைய பழைய கேம் கம்ப்யூட்டர். நேற்றுவரை முக்கிக்கொண்டிருந்த மெஷினில் படைகள் பறந்துகொண்டிருந்தன. மஃறூப் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். கடைக்கு வராதே என்று தர்ஷனுக்குச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை அவன் கொழும்புல புது வேலைக்குச் சேரணும்," என்றார் கணேசமூர்த்தி. "கம்பனிக்காரன் பொலிஸ் ரிப்போட் கேக்குறான். ஒரு முறைப்பாடு விழுந்தா போச்சு மேடம். தோட்டத்துப் பொடியனுக்கு ரெண்டாவது தடவ எவன் கதவத் தொறப்பான்?"

"அதனாலதான் ஷிஹாம் நேத்து நம்மகிட்ட வந்தாரு."

ஷிஹாம் மஃறூபின் மனைவியுடைய தம்பி. அதே கடையில் தர்ஷனோடு தோள்சேர்ந்து வேலை செய்கிறவன். மச்சானுக்குத் தெரியாமல் நேற்று மாலை மழையில் நனைந்து வந்து நின்றான். 'மேடம், தர்ஷன் எடுக்கல. அவன மட்டும் எப்படியாவது காப்பாத்துங்க' என்று கண் கலங்கினான். கூட்டாளி என்றால் அவனல்லவா கூட்டாளி என்று கணேசமூர்த்தி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கடைசிக் காம்பராவின் கதவு திறந்தே கிடந்தது. தர்ஷனின் தாய் அம்மாக்கண்ணு கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார். கட்டிலின் மேல் புத்தம் புதிய சூட்கேஸ் ஒன்று. கொழும்புக்குப் போகிற மகனுக்காக அம்மாக்கண்ணு வாங்கியது. அதற்குப் பக்கத்தில் தர்ஷன் இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"அம்மாகிட்ட சொன்னியா?" என்றார் கணேசமூர்த்தி.

"இல்ல மாமா. லீவுன்னு சொல்லியிருக்கேன்."

நிலக்ஷி நேராக மூலைக்குப் போனாள். குளிர் ஏறாமல் இருக்க நான்கு செங்கல்லின் மேல் நின்றது அந்தக் கம்ப்யூட்டர். பக்கமூடி இல்லை. தேயிலைப் பெட்டித் தகரத்தை வெட்டி அந்த இடத்தில் கட்டியிருந்தான்.

"இது கம்ப்யூட்டரா, கோழிக்கூடா?" என்றார் கணேசமூர்த்தி.

தர்ஷன் தகரத்தைக் கழற்றிவிட்டு விலகி நின்றான். நிலக்ஷி போனின் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்ட் இருந்தது. பார்த்ததும் கணேசமூர்த்தி ஒரு அடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்கண்ணே. திருகாணியப் பாருங்க."

கார்டைப் பிடித்திருந்த திருகாணியின் தலையில் மலைநாட்டுத் துரு கெட்டியாக ஏறியிருந்தது. தகடும் துருவும் ஒன்றாகிப்போன மாதிரி. வருஷக்கணக்கில் அதைத் தொட்டவன் இல்லை.

"இத நீ மாத்தவே இல்ல. அப்ப எத மாத்தின?"

"ரேம் கூட்டினேன் மேடம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சின்னதா ஒரு எஸ்எஸ்டி. அப்புறம் ப்ராசஸர். இந்த போர்டுல ஏறக்கூடியதுலயே பெருசு. கழிச்சுப் போட்ட ஒபிஸ் மெஷின்லருந்து கழட்டிக்கடான்னு முதலாளியேதான் சொன்னாரு."

"கேம் விளையாடுறவன் கார்டத்தானே மொதல்ல மாத்துவான்?" என்றார் கணேசமூர்த்தி. "முதலாளி அப்படித்தான் சொல்றாரு."

அப்போதுதான் பையனின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "ஓடிச் சுடுற கேம்னா கார்ட்தான் மாமா. நான் விளையாடுறது படை நடத்துற கேம். என் முறைய முடிச்சா மத்த நாட்டுக்காரன் அத்தன பேரும் யோசிச்சு, அவனவன் படைய நகத்தணும். அந்த யோசனைய கார்ட் பண்ணாது. ப்ராசஸர்தான் பண்ணும். முன்னாடி என் முறைய முடிச்சிட்டு பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணி புடிச்சிட்டு வருவேன். அப்பவும் எதிரி யோசிச்சுக்கிட்டு இருப்பான். இப்ப கொட்டாவி விடுறதுக்குள்ள என் கோட்டைக்கு முன்னால நிக்கிறான். கையில கொஞ்ச காசு வச்சிருக்கவன் இந்த மாதிரி கேமுக்குக் கார்டுல போட மாட்டான்."

"கேட்டீங்களா மேடம்?" கணேசமூர்த்தி துள்ளினார். "தேவையில்லாத சாமான எந்த மடையனாவது திருடுவானா?"

"நமக்குப் புரியுது. முதலாளிக்கு? கேமுக்கு எடுக்கலன்னா வித்துட்டான்னு சொல்லுவாரு." நிலக்ஷி திரும்பினாள். "சூட்கேஸத் தொற, தர்ஷன்."

அவன் தயங்காமல் திறந்தான். இரண்டு சட்டை, ஒரு துவாய். அவற்றுக்கு நடுவே மினுமினுவென்று ஒரு அட்டைப் பெட்டி. மேலே கிராபிக்ஸ் கார்டின் படம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

"இது அந்தப் பெட்டிதானே?" என்றாள் நிலக்ஷி அமைதியாக.

"ஆமா மேடம். வியாழன் காலையில கடைக் குப்பைக் கூடையில கெடந்துச்சு. கார்ட வாங்க வந்தவரு பெட்டி வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். ஸ்க்ரூட்ரைவரெல்லாம் போட்டு வைக்க நல்லா இருக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன். மத்தியானம் பார்த்தா கார்டக் காணோம்ங்கறாங்க. இது என்கிட்ட இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நிலக்ஷி பெட்டியைத் திறந்தாள். ஸ்க்ரூட்ரைவர்களுக்கு அடியில் கார்டைச் சுற்றி வருகிற வெள்ளிப் பை கசங்கிக் கிடந்தது. பையின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது.

"மோந்து பாருங்கண்ணே."

கணேசமூர்த்தி மோந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலருந்து வயித்துல ஒண்ணும் விழல. எனக்கு இப்ப எத மோந்தாலும் பாண் வாசந்தான் வருது. கறுப்பா இருக்கறது ரோட்டுத் தார் போல."

அவள் சிரிக்காமல் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "தர்ஷன், கடைக்குப் பழைய கார்ட் வந்தா மொதல்ல என்ன செய்வீங்க?"

"தூசியா இருந்தா கழுவுவோம். ப்ரஷ் போட்டுத் தேய்ச்சு, நல்லாக் காய வச்சு, அப்புறந்தான் கரண்ட் குடுப்போம்."

"இந்த மழையில எப்படிக் காயும்?"

"ஃபேனுக்கு முன்னால ரெண்டு நாள் வைக்கணும். அவசரப்படக் கூடாது."

"கிளம்பு. நீயும் வா."

திரும்பி வரும் வழியெல்லாம் நிலக்ஷி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதையோ கணக்குப் போட்டாள். அந்தப் பெட்டியோடு தர்ஷன் பிடிபட்டால் ஆண்டவனே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது என்று கணேசமூர்த்திக்குத் தெரியும். ஹட்டனுக்குள் நுழையும்போது பாங்கு சொல்லி நெடுநேரம் ஆகியிருந்தது. கடைகளின் கதவுகள் பாதி மூடியிருந்தன. தர்ஷனை ஆட்டோவிலேயே உட்கார வைத்து, மழைத்திரையை இறக்கிவிட்டு இருவரும் கடைக்குள் போனார்கள்.

உள்ளறையில் ஷிஹாம் தனியாக இருந்தான்.

"பள்ளிவாசலுக்குப் போகலையா தம்பி?" என்றாள் நிலக்ஷி.

"மனசு செரியில்ல மேடம். போய் நிக்க ஏலாது." அவன் எழுந்தான். "தர்ஷனுக்கு என்ன ஆச்சு?"

அவள் பெட்டியை மேசையில் வைத்தாள். ஷிஹாம் அதைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இது தர்ஷனோட சூட்கேஸ்ல இருந்துச்சு. குப்பைக் கூடையிலருந்து எடுத்தானாம். அண்ணே, ஒரு கேள்வி. கார்டத் திருடுறவன் பெட்டிய ஏன் விட்டுட்டுப் போவான்?"

"அவசரம்?"

"பெட்டியோட வித்தாத்தான் பழைய கார்டுக்கு மதிப்பு. பெட்டியக் குப்பையில போட்டவனுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். அந்தக் கார்ட் இனிமே விலை போகாது. இந்தப் பெட்டியில பாண் வாசம் அடிக்குது. உங்க பசி இல்லண்ணே, எனக்கும் அடிச்சது. பையில ஒட்டியிருக்கறது தார் இல்ல, உருகின ப்ளாஸ்டிக். புதன்கிழமை அழகனோட போறணை மேல உருகினது எவன் செருப்பும் இல்ல."

கணேசமூர்த்தி வாயைப் பிளந்தார். காலையில் தன் காதில் விழுந்த சங்கதியை ஈரச் சப்பாத்தோடு சேர்த்து வட்டவளை வரை சுமந்து திரிந்திருக்கிறார்.

"அப்ப வச்சது யாரு?"

"நேத்து நம்மகிட்ட வந்தவர் என்ன கேட்டாரு, ஞாபகம் இருக்கா? 'தர்ஷன் எடுக்கல, அவனக் காப்பாத்துங்க.' நாம எத்தன கேஸ் பார்த்திருக்கோம். சாமான் தொலைஞ்சா மொதல்ல சாமானத் தேடச் சொல்லுவாங்க. இவரு ஒரு தடவகூட கார்ட் எங்கன்னு கேக்கல. எங்க இருக்குன்னு தெரிஞ்சவருக்குத் தேடச் சொல்லத் தோணாது."

ஷிஹாம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச ஆரம்பித்தபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வாங்குகிறவர் அவசரப்படுத்தினாராம். கழுவிவிட்டான். ஃபேனுக்கு முன்னால் இரண்டு நாள் வைக்கப் பொறுமையில்லை. தெருவே எல்லாவற்றையும் காய வைக்கிற இடந்தானே என்று போறணை மேல் சூடு கூடிய ஓரமாகப் பார்த்து வைத்தான். போன் திருத்த வந்தவர்களைக் கவனித்ததில் மறந்துபோனான். எடுக்கப் போனபோது கார்டின் ஃபேன் கூழாகிக் கிடந்தது. அதைப் பையோடு பெட்டிக்குள் திணித்துக் கொண்டுவந்து, கார்டை மட்டும் ஒளித்துவிட்டுப் பெட்டியைக் குப்பையில் போட்டான்.

"போன வருசம் ஒரு லெப்டொப்ப ஒடச்சிட்டேன். இன்னொண்ணு ஒடஞ்சா கடைக்கும் வேணாம் வீட்டுக்கும் வேணாம்னு மச்சான் சொன்னார். அவர் பொஞ்சாதி, எங்க ராத்தா, அழுதுதான் என்னைய வச்சிக்கிட்டாங்க. தர்ஷன் மேல பழி விழும்னு நான் நெனைக்கவே இல்ல மேடம். விழுந்த பொறகு வாயத் தொறக்க ஏலாமப் போச்சு."

"அடப்பாவி," என்றார் கணேசமூர்த்தி. அவருக்குக் கை துறுதுறுத்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

வெளியே ஜீப் ஒன்று வந்து நின்றது. மஃறூப் பொலிசுக்குப் போகவில்லை. தொழுகைக்குப் போகுமுன்பே பொலிசைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். ஆட்டோவின் மழைத்திரையை விலக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி தர்ஷனின் தோளைப் பிடித்தபடி ஒரு பொலிஸ் சார்ஜன் உள்ளே வந்தார். பின்னால் தொப்பியோடு மஃறூப்.

மஃறூபின் பார்வை மேசையில் நின்றது. "பெட்டி. இது எங்க கெடந்து ஈந்த?"

"தர்ஷனோட சூட்கேஸ்ல," என்றாள் நிலக்ஷி.

அதோடு நிறுத்திவிட்டாள். கணேசமூர்த்தி பதறி வாயைத் திறக்கப் போனார். அவருடைய ஈரச் சப்பாத்தின் மேல் நிலக்ஷியின் கால் ஓங்கி விழுந்தது.

மஃறூப் தர்ஷனைப் பார்த்தார். கோபத்தைவிட வேதனைதான் அந்த முகத்தில் அதிகம். "ஒன்ன நான் புள்ள மாதிரி வச்சிருந்தேனே."

சார்ஜன் தர்ஷனைத் திருப்பினார். வாசற்படிவரை கொண்டுபோயும் விட்டார்.

"மச்சான்."

ஷிஹாம் மூலையில் கிடந்த பழுதான ப்ரிண்டரின் மூடியைத் தூக்கினான். உள்ளேயிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். கார்ட். அதன் ஃபேன் கறுத்துச் சுருண்டிருந்தது. "அவன் எடுக்கல மச்சான். நான்தான் எரிச்சேன். நான்தான் ஒளிச்சேன்."

மஃறூப் அந்தக் கார்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத எப்ப சொல்லலாம்னு ஈந்தாய்? இவன் கொழும்புக்குப் போன பொறகா, போகாமப் போன பொறகா?"



மஃறூப் வாசலுக்கு நடந்தார். எதிர்க்கடைக்காரர்களும் பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர்களும் கூடி நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே சார்ஜனிடம் சொன்னார்: "மகே வெரத்த, மாத்தயா, என் பிழைதான். சாமான் கடையிலதான் ஈந்த. நான் செரியாத் தேடாம இந்தப் புள்ளைய சந்தேகப்பட்டுட்டேன்." சார்ஜன் சிங்களத்தில் நாலு வார்த்தை திட்டினார். அத்தனையையும் மஃறூப் நின்று வாங்கிக்கொண்டார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்றதும் ஜீப் போய்விட்டது.

கணேசமூர்த்தி நிலக்ஷியின் காதருகே சீறினார். "ஷிஹாம் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"நான் தொறந்திருப்பேன். ஆனா அப்ப அவன் பிடிபட்டவன். இப்ப ஒத்துக்கிட்டவன்."

இதற்குள் தர்ஷன் மேசைக்கு வந்துவிட்டான். யாரையும் பார்க்காமல் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பெட்டியிலிருந்தே ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, உருகிய ஃபேனைப் பெயர்த்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் ஃபேனை நூலால் கட்டினான். சோதிக்கிற மெஷினில் கார்டைச் செருகிக் கரண்டைக் கொடுத்தான்.

ஃபேன் சுற்றியது. திரை கொஞ்சநேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு பளிச்சென்று படம் வந்தது.

"ப்ளாஸ்டிக் மட்டுந்தான் உருகியிருக்கு," என்றான் தர்ஷன். "நீ அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, வாங்கி வச்ச டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்டா."

ஷிஹாம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். தர்ஷன் அவனைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

மஃறூப் தொண்டையைச் செருமினார். "திங்கக்கெழம நானே ஒன்னைய பஸ் ஏத்தி உடுறேன் மகன். நானே வாறேன்."

"வேணாங்க முதலாளி. அம்மா வருவாங்க." தர்ஷன் ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்தப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டான். "இந்த ரெண்டு நாள் கத அவங்களுக்குத் தெரிய வேணாம். உங்ககிட்ட நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

மஃறூப் தலையை ஆட்டினார். பையன் மழைக்குள் இறங்கிப் போய் ஆட்டோவில் ஏறினான். கணேசமூர்த்தி மழைத்திரையை அவன் பக்கம் இறக்கிக் கட்டிவிட்டு, வண்டியை வட்டவளைப் பக்கம் திருப்பினார்.